கணப்புக்குக் காது முளைத்தால்

கனடாவிலும் அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் வரவேற்பறைச் சுவரில் பதித்த எரிவாயுக் கணப்பு சர்வசாதாரணம். கண்ணாடிக்குப் பின்னால் செராமிக்கில் வார்த்த போலி விறகுக் கட்டைகள், அவற்றின் இடுக்கில் மஞ்சள் சுடர், பக்கத்துச் சுவரில் ஒரு ஸ்விட்ச். டொராண்டோவின் ஸ்கார்பரோ, அதை ஒட்டிய மார்க்கம் பகுதித் தமிழர் வீடுகளிலும் இதைப் பார்க்கலாம். ஸ்மார்ட் ஸ்பீக்கர் வாங்கி, விளக்கை வாய்ச்சொல்லால் போட்டு அணைத்துப் பழகியவர்களின் கண் அடுத்து விழுவது இந்த ஸ்விட்ச்சின் மேல்தான். இதையும் பேச்சுக்குக் கட்டுப்படுத்திவிட்டால் என்ன?

தாராளமாகச் செய்யலாம், பெரிய செலவும் இல்லை. ஆனால் யாரும் இல்லாத அறையில் விளக்கு எரிந்தால் மின்கட்டணம் கூடும், அவ்வளவுதான். கணப்பு விஷயம் வேறு. ஒரு வீட்டுக் கணப்பு மணிக்கு 20,000 முதல் 40,000 பி.டி.யூ. வரை எரிவாயுவை எரிக்கும்; கிலோவாட்டில் சொன்னால் ஏறத்தாழ 6 முதல் 12. அதன் முன்கண்ணாடி 200 டிகிரி செல்சியஸையும் தாண்டிச் சூடேறும். அணைத்த பிறகும் அந்தச் சூடு உடனே இறங்குவதில்லை. தவழும் குழந்தைகள் அதில் கையை வைத்துச் சுட்டுக்கொண்டதால்தான், 2015 முதல் அங்கே தயாராகும் கணப்புகளின் கண்ணாடிக்கு முன்னால் தடுப்பு வலை வேண்டுமென்று தொழில்தர விதி வந்தது. இப்படிப்பட்ட சாதனத்தில் பேச்சுக்கு எவ்வளவு அதிகாரம் கொடுப்பது? ஸ்பீக்கர் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே கணப்பின் உள்ளமைப்பு இதற்குப் பாதி விடையைச் சொல்லிவைத்திருக்கிறது.

ஸ்விட்ச்சுக்குப் பின்னால்

பழைய வகைக் கணப்பு ஒன்றின் சுவர் ஸ்விட்ச்சைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே மெல்லிய கம்பிகள் இரண்டுதான் இருக்கும். மல்டிமீட்டரை வைத்தால் அரை வோல்ட்டுக்கும் முக்கால் வோல்ட்டுக்கும் இடையே ஏதோ ஓர் அளவைக் காட்டும். சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் பேட்டரியே 1.5 வோல்ட். வீட்டு மின்சாரத்துக்கும் இந்தக் கம்பிகளுக்கும் தொடர்பே இல்லை.

இந்தச் சிறு மின்சாரத்தைத் தருவது நெருப்பேதான். கணப்பு அணைந்திருக்கும்போதும், பர்னரின் ஓரத்தில் பைலட் என்னும் சின்னச் சுடர் தூண்டாமணி விளக்குபோல எரிந்துகொண்டே இருக்கும். அதன் நாக்கில் படும்படி விரலளவில் ஓர் உலோகக் குச்சி நிற்கும். இதற்குத் தெர்மோபைல் என்று பெயர். வெவ்வேறு உலோகங்களை இணைத்து ஒரு முனையைச் சூடாகவும் மறுமுனையைக் குளிர்ச்சியாகவும் வைத்தால் மின்னோட்டம் பிறக்கும். 1821-இல் ஜெர்மானிய இயற்பியலாளர் தாமஸ் யோஹான் சீபெக் கண்ட விளைவு இது. ஓர் இணைப்பில் கிடைப்பது சில பத்து மில்லிவோல்ட்தான். பல இணைப்புகளை வரிசையாகக் கோத்தால் அரை வோல்ட்டுக்கு மேல் தேறும். 1977-இல் கிளம்பிய வாயேஜர் விண்கலங்கள் இரண்டும் புளூட்டோனியத்தின் வெப்பத்திலிருந்து மின்சாரம் எடுப்பதும் இதே விளைவைக் கொண்டுதான்.

இந்த அரை வோல்ட், ஸ்விட்ச் வழியாக எரிவாயு வால்வின் காந்தச் சுருளுக்குப் போகிறது. ஸ்விட்ச்சைப் போட்டதும் சுற்று மூடும், வால்வு திறக்கும், பர்னருக்கு வாயு வரும், பைலட் சுடர் அதைப் பற்றவைக்கும். பைலட் அணைந்திருந்தால் மின்சாரம் இல்லை. மின்சாரம் இல்லையென்றால் ஸ்விட்ச்சை எத்தனை முறை தட்டினாலும் வால்வு அசையாது. பற்றவைக்கச் சுடர் இல்லாத நேரத்தில் வாயுவும் வராது என்பதற்கு வேறு உத்தரவாதம் தேவையில்லை.

பல கணப்புகளில் இதற்கும் மேலே இன்னொரு காவல் உண்டு. பைலட்டுக்குப் போகும் வாயுவையே ஒரு சிறு மின்காந்தம் திறந்து பிடித்திருக்கும். அதற்குத் தீனி, ஒரே இணைப்பு கொண்ட தெர்மோகப்பிள் தரும் சில பத்து மில்லிவோல்ட். திறந்த வால்வை அப்படியே பிடித்துவைத்திருக்க அந்தக் காந்தத்துக்குத் தெம்பு உண்டு. மூடிய வால்வை இழுத்துத் திறக்கத் தெம்பில்லை. அதனால் அணைந்த பைலட்டை மறுபடி ஏற்ற வேண்டுமானால், ஒருவர் குனிந்து, குமிழை அழுத்தி, தெர்மோகப்பிள் சூடாகும்வரை விரலை எடுக்காமல் இருந்தாக வேண்டும். எந்த ஸ்பீக்கரும் அந்தக் குமிழை எட்ட முடியாது.

புதிய வகை, புதிய சாட்சி

ஆண்டு முழுக்கப் பைலட் எரிவது வீண் செலவு. கலிஃபோர்னியாவின் எரிசக்தி விதிகள் புதிய கணப்புகளில் ஓயாது எரியும் பைலட்டை அனுமதிப்பதில்லை. அதனால் இப்போது வருபவை பெரும்பாலும் தேவைப்படும்போது மட்டும் பொறி தட்டிப் பைலட்டை ஏற்றும் வகை. இவற்றில் ஒரு மின்னணுப் பலகை இருக்கிறது. மின்வெட்டு நேரத்துக்கென்று பேட்டரிப் பெட்டியும் பெரும்பாலும் இருக்கும்.

சுடர் உண்மையில் எரிகிறதா என்று பலகை அறிந்துகொள்ளும் விதம் அழகானது. எரியும் வாயுவில் மின்னூட்டம் பெற்ற அயனிகள் இருப்பதால் சுடர் வழியே மின்சாரம் பாயும். சிறிய மின்முனை ஒன்றைச் சுடருக்குள் நீட்டி, அதற்கும் பெரிய பர்னர் உலோகத்துக்கும் இடையே மாறுதிசை மின்னழுத்தம் கொடுக்கிறார்கள். இரண்டு பரப்புகளும் சமமில்லாததால் மின்னோட்டம் ஒரு திசையில் அதிகமாகவும் எதிர்த்திசையில் குறைவாகவும் பாய்கிறது. மிச்சப்படுவது மைக்ரோ ஆம்பியர் அளவில் ஒரு நேர்திசை மின்னோட்டம். இது தெரிந்தால்தான் பலகை முக்கிய வால்வைத் திறக்கும். கம்பிகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டாலோ ஈரம் கோத்தாலோ மின்சாரம் இரு திசையிலும் சமமாகப் போகும். பலகை அதைச் சுடர் என்று நம்பி ஏமாறாது.

சொல் போகும் பாதை

இனி குரலுக்கு வருவோம். அமேசானின் எக்கோ 2014-இலும் கூகுள் ஹோம் 2016-இலும் வெளிவந்தன. இவற்றுக்குள் இருக்கும் சிறிய நிரல், சுற்றிலும் கேட்கும் ஒலியில் தன்னை எழுப்பும் சொல் வருகிறதா என்று மட்டும் ஓயாமல் பார்த்துக்கொண்டிருக்கும். அந்தச் சொல் விழுந்ததும் தொடர்ந்து வரும் பேச்சு, பெரும்பாலும் இணையம் வழியே தொலைவிலுள்ள கணினிகளுக்குப் போகிறது. அங்கே ஒலி எழுத்தாகி, எழுத்திலிருந்து நோக்கம் பிரித்தெடுக்கப்பட்டு, கட்டளை வீட்டு வைஃபைக்குத் திரும்பி, கடைசியில் கணப்புக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு ரிலேயை வந்தடைகிறது. ரிலே செய்வது ஒரே வேலைதான்: இரண்டு கம்பிகளைத் தொடவைப்பது அல்லது பிரிப்பது.

ஆக, இத்தனை ஆரவாரமும் சுவர் ஸ்விட்ச் செய்த வேலையைத்தான் செய்கிறது. அந்த இடத்தோடு அது நிற்பதே நல்லது. ரிலே மூடுவது "எரியலாமா?" என்று கேட்பதற்குச் சமம். பைலட் சூடும் சுடர் உணரியும் சம்மதித்தால்தான் வாயு வரும். ரிலேயை இந்தக் காவல்களுக்குக் குறுக்கே மாட்டி அவற்றைத் தாண்டிப்போக வழிசெய்தால் அது தற்கொலைக்கு ஒப்பு.

கண்ட ரிலேயும் உதவாது

கடையில் விளக்குக்கென்று விற்கும் ஸ்மார்ட் ஸ்விட்ச்சை வாங்கி இங்கே மாட்டுவது பெரிய ஆபத்து. அது தன் வெளிமுனையில் வட அமெரிக்க வீட்டு மின்சாரமான 120 வோல்ட்டை அனுப்பும். அரை வோல்ட்டுக்குப் பழகிய வால்வுச் சுருள் அதைத் தாங்காது. தன்னிடமிருந்து மின்சாரம் எதையும் சேர்க்காமல், தொடுமுனைகளை மட்டும் தரும் ரிலேதான் தேவை. மின்வேலைக்காரர்கள் இதை டிரை கான்டாக்ட் என்பார்கள்.

அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. விளக்கு ஸ்விட்ச்சின் தொடுமுனைகளில் காற்றுப்பட்டுப் படியும் மெல்லிய படலத்தை, ஒவ்வொரு முறை போடும்போதும் எழும் பொறி எரித்துச் சுத்தம் செய்துவிடுகிறது. அரை வோல்ட்டில் பொறி எழாது. படலம் அப்படியே தங்கி, மின் தடை ஏறும். தெர்மோபைல் அமைப்பில் ஓர் ஓம் கூடினாலே வால்வுக்குப் போய்ச்சேரும் தெம்பு கணிசமாகக் குறையும். சில மாதம் நன்றாக வேலை செய்த ரிலே ஒரு நாள் 'டிக்' என்று சத்தம் மட்டும் போட்டுக் கணப்பு எரியாமல் போவதற்கு இது ஒரு காரணம். தங்கமுலாம் பூசிய தொடுமுனைகள் கொண்ட ரிலேயும், நீளம் குறைந்த, தடித்த கம்பியும் இதைத் தவிர்க்கும். சாதாரணக் குறைகடத்தி ஸ்விட்ச் பலவும் இங்கே எடுபடாது. தன் வழியே மின்சாரம் போக அவை விழுங்கும் மின்னழுத்தமே தெர்மோபைல் தரும் அளவுக்கு இருக்கும்.

தொடரா, பக்கமா?

பள்ளியில் படித்த தொடரிணைப்பும் பக்க இணைப்பும் இங்கே உயிர்பெறுகின்றன. ரிலேயைச் சுவர் ஸ்விட்ச்சோடு தொடரிணைப்பில் கோத்தால், இரண்டும் சம்மதித்தால்தான் நெருப்பு வரும். வெளியூர் போகும்போது சுவர் ஸ்விட்ச்சை அணைத்துவிட்டால் குரலுக்கு வேலையே இல்லை. பக்க இணைப்பில் மாட்டினால் எது மூடினாலும் நெருப்பு வரும். சுவரில் அணைத்தாலும் ரிலே மூடியிருந்தால் எரிந்துகொண்டே இருக்கும்.

பாதுகாப்புக்குத் தொடரிணைப்பே மேல் என்று தோன்றும். ஆனால் அதற்கும் ஒரு விலை இருக்கிறது. 2013 டிசம்பர் இறுதியில் டொராண்டோவைப் பனிமழை தாக்கியபோது ஏறத்தாழ 3 லட்சம் மின் இணைப்புகள் துண்டிக்கப்பட்டன. கிறிஸ்துமஸ் கழிந்தும் பலருக்கு மின்சாரம் திரும்பவில்லை. மத்திய ஹீட்டர்கள் எரிவாயுவில் எரிந்தாலும், அவற்றின் விசிறிக்கு மின்சாரம் வேண்டும். தன் மின்சாரத்தைத் தானே செய்துகொள்ளும் பழைய கணப்புக்கு அந்தக் கவலை கிடையாது. அதன் சுற்றில் ஒரு வைஃபை ரிலேயைத் தொடரிணைப்பில் நுழைத்தால், மின்சாரம் போனதும் ரிலே விட்டுவிடும்; எந்தக் குளிருக்கு இது கைகொடுக்குமோ அந்தக் குளிரில் கணப்பு எரியாது. எனவே தொடரிணைப்போடு, நெருக்கடியில் கையால் ரிலேயைத் தாண்டிச் செல்ல ஒரு தனி ஸ்விட்ச்சும் வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

மின்சாரம் திரும்பி வரும் கணமும் கவனிக்க வேண்டியது. போவதற்கு முன் இருந்த நிலைக்கே தானாகத் திரும்பும் அமைப்பு பல ஸ்மார்ட் ரிலேக்களில் உண்டு. விளக்குக்கு அது வசதி. கணப்பு என்றால், வீட்டில் யாரும் இல்லாத பிற்பகலில் தானே பற்றிக்கொள்ளும் நெருப்பு. இந்த அமைப்பை 'அணைந்த நிலை' என்று மாற்றிவைக்க வேண்டும்.

ரிமோட்டோடு வரும் கணப்புகளில் சிக்கல் வேறு விதம். ரிமோட்டின் ரேடியோ அலையைக் கற்றுக்கொண்டு அதைப்போலவே அனுப்பும் கருவிகள் கிடைக்கின்றன. அவை ஒருவழிப் பேச்சாளர்கள். எரிகிறதா இல்லையா என்று கணப்பு அவற்றுக்குத் திருப்பிச் சொல்வதில்லை. ஒரே பொத்தான் போடவும் அணைக்கவும் பயன்படும் ரிமோட்டாக இருந்தால், வீட்டில் ஒருவர் கையால் அணைத்துவிட்டுப் போன பிறகு இன்னொருவர் "அணை" என்று சொல்ல, நெருப்பு மூண்டுவிடக்கூடும். போடுவதற்கும் அணைப்பதற்கும் தனித்தனிச் சமிக்ஞை உள்ள ரிமோட்டுக்கே இந்த வழி பொருந்தும்.

யார் சொன்னாலும் கேட்கும் காது

காது முளைத்த சாதனத்துக்கு யார் பேசுகிறார் என்பது தெரியாமலும் போகலாம். 2017 ஏப்ரலில் பர்கர் கிங் நிறுவனம் ஒளிபரப்பிய தொலைக்காட்சி விளம்பரம் வேண்டுமென்றே கூகுளை விளித்துப் பேசியது; பார்த்தவர்கள் வீட்டு ஸ்பீக்கர்கள் விழித்துக்கொண்டு பதில் சொல்லத் தொடங்கின. அதே ஆண்டில் சீனாவின் ஜேஜியாங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மனிதக் காதுக்கு எட்டாத மீயொலியில் கட்டளையை ஏற்றி அனுப்பிக் குரல் உதவியாளர்களை இயக்கிக் காட்டினார்கள். 2019-இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகமும் ஜப்பானிய ஆய்வாளர்களும் ஒலியையே விட்டுவிட்டு லேசர் ஒளியைக் கையிலெடுத்தார்கள். ஒளியின் செறிவைப் பேச்சுக்கேற்ப ஏற்றி இறக்கி மைக்ரோஃபோனின் மேல் பாய்ச்சினால், அது குரலாகவே புரிந்துகொள்கிறது. 110 மீட்டர் தொலைவிலிருந்தும் இது பலித்தது.

அண்டைவீட்டார் லேசரோடு ஜன்னலில் நிற்கப்போவதில்லை. தொலைக்காட்சியும், விளையாட்டாகக் கத்தும் ஐந்து வயதுக் குழந்தையும்தான் அன்றாடக் கவலை.

அணைப்பது எளிது, மூட்டுவது கடினம்

இரண்டு கட்டளைகளுக்கும் ஒரே எடை கொடுப்பதுதான் பலர் செய்யும் பிழை. அணைக்கும் கட்டளை யார் வாயிலிருந்து வந்தாலும் கேடில்லை. மூட்டு வலியோடு எழுந்து நடக்க முடியாத முதியவருக்கும், சக்கர நாற்காலியில் இருப்பவருக்கும், கையில் குழந்தையோடு நிற்பவருக்கும் அது பெரிய உதவி. மூட்டும் கட்டளைக்கோ கட்டுப்பாடு வேண்டும்: சாதாரணப் பேச்சில் வராத ஒரு தனித் தொடர், பகலில் ஆள் இல்லாத நேரத்துக்குத் தடை, எப்படி மூண்டாலும் ஓரிரு மணி நேரத்தில் தானாக அணைக்கும் டைமர். டைமர் இணையத்தில் இல்லாமல் ரிலேக்குள்ளேயே ஓட வேண்டும். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி, குரல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவசியம். எரிவாயுக் குழாயையும் வால்வையும் தொடும் வேலை, ஒன்டாரியோ போன்ற இடங்களில் உரிமம் பெற்ற தொழில்நுட்பரின் வேலை.

எல்லாம் மாட்டி முடித்த அன்றே ஒரு சோதனை செய்துவிடுங்கள். கணப்பை எரியவிட்டு, வைஃபை ரூட்டரின் பிளக்கைப் பிடுங்குங்கள். டைமர் தன் நேரத்தில் அணைக்கிறதா, சுவர் ஸ்விட்ச்சுக்கு நெருப்பு அடங்குகிறதா என்று பாருங்கள். பிறகு கணப்பை மறுபடி எரியவிட்டு, ரிலேயின் மின்சாரத்தைத் துண்டித்து மீண்டும் கொடுங்கள். கணப்பு அணைந்தே இருக்க வேண்டும். இதில் ஒன்று தவறினாலும், சரிசெய்யும்வரை ரிலேயின் கம்பிகளைக் கழற்றிவிட்டுப் பழைய ஸ்விட்ச்சையே பயன்படுத்துங்கள்.