ஒத்திகையே கிடையாது... ஒரே ராத்திரியில் உருவாகுது ஸ்பெஷல் நாடகம்! எப்படி?

மதுரை:
ராஜபார்ட் ஒரு ஊரு. ஸ்திரீபார்ட் இன்னொரு ஊரு. பபூன் வேற பஸ்ஸில் வந்து இறங்குவார். சாயங்காலம் வரை ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்திருக்கக் கூட மாட்டாங்க. ஆனா, ராத்திரி 10 மணிக்கு எல்லாரும் ஒரே மேடை. பொழுது விடியும்போது வள்ளிக்கும் முருகனுக்கும் கல்யாணமே முடிஞ்சிருக்கும்!

மதுரை, புதுக்கோட்டை, திண்டுக்கல், சிவகங்கை பக்கத்து கிராமங்களில் கோயில் திருவிழாவில் நடக்கிற ‘ஸ்பெஷல் நாடகம்’ இப்படித்தான் உருவாகிறது.

அமெரிக்காவில் நியூயார்க் நகரத்தில் 1995-ம் ஆண்டு ‘24 மணி நேர நாடகங்கள்’ என்று ஒன்றைத் தொடங்கினாங்க. ராத்திரி முழுக்க உட்கார்ந்து எழுத்தாளர்கள் எழுதணும். காலையில் ஒத்திகை. அன்று ராத்திரியே மேடை. அங்கே கதையே புதுசு. நம்ம ஊரில் கதை பழசு, ஆள் சேர்க்கைதான் ஒவ்வொரு ராத்திரியும் புதுசு. ஆனா, அவங்களுக்கு கிடைக்கிற அந்த ஒரு பகல் ஒத்திகை கூட நம்ம ஆட்களுக்கு கிடையாது!

ஏன் ‘ஸ்பெஷல்’?

அந்தக் காலத்தில் நாடகம் என்றால் கம்பெனி நாடகம். ஒரு முதலாளி, ஒரு குழு. எல்லாரும் ஒரே இடத்தில் தங்கி, மாதக்கணக்கில் பாடம் பண்ணி, ஊர் ஊராக கொட்டகை போட்டு நடிப்பாங்க.

ஸ்பெஷல் நாடகத்தில் முதலாளியும் இல்லை, கம்பெனியும் இல்லை. ஒவ்வொரு கலைஞரையும் அந்த ஒரு ராத்திரிக்கு மட்டும் தனித்தனியாக, ‘ஸ்பெஷலாக’ பேசி அழைத்து வருவாங்க. அதனால்தான் இந்தப் பெயர். கே.பி.சுந்தராம்பாள் சினிமாவுக்கு வருவதற்கு முன்பே பெயர் வாங்கியது இந்த மாதிரி நாடக மேடையில்தான்.

ஊர் கூடி எடுக்கும் நாடகம்

இதுக்கு டிக்கெட் கிடையாது. சாமிக்கு செய்கிற காரியமாக நினைத்து ஊரே செலவு செய்யும். வீட்டுக்கு இவ்வளவு என்று வரி பிரிப்பாங்க. விழா கமிட்டி ஆட்கள் டவுனில் இருக்கிற நாடக நடிகர் சங்கத்துக்கோ ஏஜெண்ட்டிடமோ போய், என்ன நாடகம், யார் யார் வேணும் என்று சொல்வாங்க. அட்வான்ஸ் கை மாறும். கலைஞர் தன் டைரியில் தேதியைக் குறித்துக் கொள்வார்.

அப்புறம் நோட்டீஸ். நடிகர், நடிகை போட்டோவோடு அடித்து ஊர் முழுக்க ஒட்டுவாங்க. யார் யாரோடு நடிக்கப் போகிறோம் என்பதையே சில கலைஞர்கள் அந்த நோட்டீஸைப் பார்த்துத்தான் தெரிந்து கொள்வாங்க.

அன்று ராத்திரி நடப்பது என்ன?

சாயங்காலம் மைக் செட்டும் சீன் செட்டும் வந்து இறங்கும். அரண்மனை, காடு, தெரு, தோட்டம் என்று வரைந்த திரைகள் மேடையில் ஏறும். கலைஞர்கள் ஒவ்வொருத்தராக பெட்டியோடு வருவாங்க. டிரஸ், நகை, மேக்கப் எல்லாம் அவங்கவங்க சொந்தச் செலவு.

முதலில் ஆர்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்ட், தாளம் உட்காரும். சாமி பாட்டு முடிந்ததும் பபூன் வருவார். தனியாக பேசியே கூட்டத்தை சிரிக்க வைப்பார். அடுத்து ‘டான்ஸ்’ வருவார். இரண்டு பேரும் பாட்டும் சண்டையுமாக ஒரு ரகளை. மேடைக்கு முன்னால் பாய் விரித்து உட்கார்ந்த சனம் கலைந்து போகாமல் பிடித்து வைக்கிற வேலை இவங்களோடது.

நடுராத்திரி வாக்கில்தான் கதை தொடங்கும். வள்ளி திருமணம் என்றால், தினைப்புனம் காக்கிற வள்ளியிடம் நாரதர் வருவார், தர்க்கம் நடக்கும். பிறகு வேடன் வேஷத்தில் முருகன் வருவார், மறுபடியும் தர்க்கம். கிழவன், யானை எல்லாம் வந்து, கல்யாணம் முடியும்போது கிழக்கு வெளுத்திருக்கும்.

ஒத்திகை இல்லாமல் எப்படி?

இதுக்கு காரணம் சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922). வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன் என்று அவர் எழுதிக் கொடுத்த நாடகங்கள்தான் இன்றைக்கும் அடிப்படை. எந்தக் காட்சிக்குப் பின் எது, எந்த இடத்தில் எந்தப் பாட்டு என்பது எல்லாருக்கும் பாடம். முருகன் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் வள்ளிக்கு கவலை இல்லை.

தர்க்கத்தில் மட்டும் அந்த நேரத்தில் தோன்றுவதுதான். நாரதர் ஒரு கேள்வி போட்டால், வள்ளி அங்கேயே பதில் சொல்லியாகணும். சொல்லத் தெரியாமல் முழித்தால் அடுத்த வருஷம் அந்த ஊர் தேதி கிடைக்காது. இடையில் தடுமாறினால் தூக்கி விடுவது ஆர்மோனியக்காரர். யார் என்ன ஸ்ருதியில் பாடுவாங்க, எங்கே மூச்சு வாங்குவாங்க என்பதை பிடித்துக்கொண்டு கூடவே போவார்.

ஆக, நாடகம் ஒரே ராத்திரியில் உருவாகிறது என்றாலும், அதுக்குப் பின்னால் ஒவ்வொருத்தரும் கற்றுக்கொண்ட பல வருஷப் பாடம் இருக்கிறது.

மேடையில் ராணி... கீழே?

ராத்திரி முழுக்க கைதட்டு வாங்குகிற நடிகைக்கு, காலையில் பஸ் ஸ்டாண்டில் கிடைப்பது வேற பார்வை. ‘கூத்தாடி’ என்கிற பேச்சு இன்னும் போகவில்லை. அமெரிக்க ஆராய்ச்சியாளர் சூசன் சைசர் மதுரையில் தங்கி இந்தக் கலைஞர்களோடு ஊர் ஊராகப் போய், 2005-ம் ஆண்டு ஒரு புத்தகமே எழுதினார். ஊரார் கண்ணில் படாமல் போய் வர நடிகைகள் படும் பாட்டை அதில் விரிவாகச் சொல்லி இருக்கிறார்.

சம்பளமும் நிரந்தரம் இல்லை. பங்குனி, சித்திரை, வைகாசி மாதங்கள்தான் சீசன். மழை வந்தால் வேலை இல்லை. 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்தபோது சரியாக சீசன் தொடங்குகிற நேரம். ஒப்புக்கொண்ட தேதிகள் எல்லாம் போச்சு. 2021 கோடையிலும் திருவிழாக்களுக்குத் தடை. கம்பெனி என்று ஒன்று இருந்தால் முதலாளியிடம் கேட்கலாம். ஒரு ராத்திரி வேலைக்கு யாரிடம் கேட்பது?

இன்னொரு சிக்கல் 10 மணி. மத்திய அரசின் 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகள்படி ராத்திரி 10 முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழாவுக்கு நள்ளிரவு 12 வரை மாநில அரசு விலக்கு தரலாம். அதுவும் வருஷத்துக்கு 15 நாள்தான். விதியை அப்படியே பிடித்தால், வள்ளி மேடைக்கு வருவதற்குள் மைக்கை அணைக்க வேண்டியதுதான்!

கமிட்டிக்காரங்க கவனிக்க...

உங்க ஊர் திருவிழாவுக்கு இந்த வருஷம் நாடகம் வைக்கிறீங்களா? போலீஸ் அனுமதியை முன்கூட்டியே கேட்டு வாங்குங்க. நடிகைகள் டிரஸ் மாற்ற நாலு பக்கமும் மறைத்த இடம், கதவு போட்ட கழிப்பறை ஏற்பாடு பண்ணுங்க. குடித்துவிட்டு மேடை ஓரம் வந்து கலாட்டா பண்ணுகிற ஆளை ஊர்க்காரங்களே வெளியே அனுப்புங்க. பாக்கி சம்பளத்தை விடிந்ததும் கையில் கொடுங்க, ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று இழுக்காதீங்க. அன்று ராத்திரியே இன்னொரு ஊரில் அவங்களுக்கு தேதி இருக்கலாம். பஸ் பிடிக்கணும்.