கன்றுக்குட்டியைக் கொல்லும் "ஒட்டுப்புல்" கிருமி!
நஞ்சு விழும் வரை காத்து இருக்காதீர்கள்

திருவண்ணாமலை—

கிரிவலப்பாதை 14 கிலோ மீட்டர். பெரிய கோவிலில் கிளம்பி மலையின் மறுபக்கம் வந்தால் அடி அண்ணாமலை. மாட்டை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் இங்கேயும் உண்டு, சுற்று வட்டாரத்திலும் உண்டு.

பசு கன்று போட்டால் வீட்டில் கொண்டாட்டம். சில வீடுகளில் அது மூன்று நாள்கூட நிலைப்பது இல்லை. கன்று தண்ணீராகக் கழிகிறது. கண் குழி விழுகிறது. எழுந்து நிற்க முடியவில்லை. விடிவதற்குள் கதை முடிந்து விடுகிறது.

"கண் பட்டு விட்டது" என்பார்கள். கண் அல்ல, கிருமி!

மோட்டார் வைத்த வால்

அதன் பெயர் ஈ.கோலி. 1885-ல் எஷெரிக் என்ற டாக்டர் கண்டுபிடித்தது. எல்லா ஈ.கோலியும் கெட்டது அல்ல. நம் குடலிலும் இருக்கிறது. சில ரகங்கள்தான் ரவுடிகள்.

பல ஈ.கோலிக்குச் சாட்டை போன்ற வால்கள் உண்டு. வாலின் அடியில் மோட்டார்! வினாடிக்கு 100 சுற்று சுழலும். வால் ஆடவில்லை, சுழல்கிறது என்பதை 1973-ல் பெர்க், ஆண்டர்சன் என்ற 2 விஞ்ஞானிகள் எடுத்துச் சொன்னார்கள்.

இந்த வாலைக் கட்ட சுமார் 50 ஜீன்கள் வேண்டும். அத்தனைக்கும் மேஸ்திரி 2 ஜீன்கள். மேஸ்திரி குரல் கொடுத்தால் வேலை நடக்கும். இல்லாவிட்டால் வால் முளைக்காது.

சூடு பட்டால் முடி!

ஆனால் கன்றைக் கொல்லும் ரகத்தில் வால் இல்லாததும் உண்டு. அதன் பெரிய ஆயுதம் வேறு. உடம்பெல்லாம் மெல்லிய முடி. விஞ்ஞானிகள் வைத்த பெயர் கே-99.

18 டிகிரி குளிரில் அந்த முடி முளைப்பது இல்லை. கன்றின் உடல் சூடு பட்டதும் ஜீன் விழித்துக் கொள்கிறது. முடி முளைக்கிறது. வேட்டியில் ஒட்டுப்புல் ஒட்டுவது போல குடல் சுவரில் ஒட்டிக் கொள்கிறது. பிறகு விஷத்தைக் கக்கும். உடம்பின் தண்ணீர் எல்லாம் குடலில் கொட்டும்.

காலராவும் இந்த ஜாதிதான். காலரா கிருமி விடும் விஷமே ஆளைச் சாய்க்கிறது என்று 1959-ல் முயல் குடலை வைத்து நிரூபித்தவர் கல்கத்தா டாக்டர் சம்புநாத் டே.

மருந்து மடியிலேயே!

தாய்ப்பசுவின் நோய் எதிர்ப்புச் சக்தி வயிற்றில் இருக்கும் கன்றுக்குப் போவது இல்லை. சீம்பாலில்தான் கிடைக்கும். அதைக் கன்றின் குடல் உறிஞ்சுவதும் பிறந்த முதல் 24 மணி நேரம்தான். நேரம் ஆக ஆகக் கதவு மூடிக் கொண்டே வரும்.

"நஞ்சு விழட்டும், அப்புறம் பால் விடலாம்" என்று காத்து இருப்பது தவறு. பிறந்த 2 மணி நேரத்துக்குள் ஊட்ட வேண்டும். 25 கிலோ கன்றுக்கு முதல் நாளில் 2½ லிட்டர். தொழுவம் ஈரம் இல்லாமல் இருக்கட்டும். கழிச்சல் கண்டால் பாலை நிறுத்தாமல் உடனே கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

டவுன்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. வெல்லம், ஏலக்காய் போட்டு அவித்த சீம்பால் ருசிதான். ஆனால் முதல் பங்கு கன்றுக்கு. மிச்சம் இருந்தால் நமக்கு!