ஸ்போர்ட்ஸ் கார் கட்டணுமா? முதல்ல ஒரு ‘நல்ல’ துருப்பிடிச்ச காரைத் தேடுங்க!

பிரிட்டனில் சில வீடுகளின் கராஜைத் திறந்தால் ஒரு பக்கம் துருப்பிடித்த பழைய கார் ஒன்று பாதி பிரித்த நிலையில் கிடக்கும். இன்னொரு பக்கம், இரும்புக் குழாய்களைப் பற்றவைத்துச் செய்த எலும்புக்கூடு ஒன்று நிற்கும். பழைய காரின் இன்ஜின், கியர்பாக்ஸ், பிரேக், ஸ்டீயரிங் எல்லாம் ஒவ்வொன்றாக அந்த எலும்புக்கூட்டுக்குள் போகும். எல்லாம் சரியாக நடந்தால், ஓரிரு வருடத்தில் கூரையே இல்லாத ஒரு குட்டி ஸ்போர்ட்ஸ் கார் வாசலில் நிற்கும். கட்டியவர் மெக்கானிக்காக இருக்க வேண்டும் என்பதில்லை. ஆசிரியராகவோ, வங்கி ஊழியராகவோ இருக்கலாம்.

உறுப்பு தானம் மாதிரிதான் இதுவும். அதனால்தான் அந்தப் பழைய காருக்கு ‘டோனர் கார்’ என்று பெயர்.

புதிதாக இறங்குபவர்கள் பெயின்ட் கலர், வீல், சீட் பற்றியெல்லாம் மாதக்கணக்கில் யோசிப்பார்கள். டோனர் காரை மட்டும் ‘கிடைச்சதை வாங்கிக்கலாம்’ என்று விட்டுவிடுவார்கள். ஆனால், புதிய கார் எவ்வளவு அகலம், எவ்வளவு எடை, மொத்தச் செலவு எவ்வளவு, கடைசியில் அதைச் சாலையில் ஓட்ட அனுமதி கிடைக்குமா என்பதையெல்லாம் முக்கால்வாசி தீர்மானிப்பது இந்த ஒரு முடிவுதான். இதில் சறுக்கினால் கார் கராஜிலேயே தங்கிவிடும். ‘பாதி முடிந்த புராஜெக்ட், விற்பனைக்கு’ என்ற விளம்பரங்களுக்கு அங்கே பஞ்சமே இல்லை.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது?

1957-ல் காலின் சாப்மேன் என்ற இன்ஜினீயர் ‘லோட்டஸ் செவன்’ காரை அறிமுகப்படுத்தினார். சுமார் 500 கிலோதான் எடை. அந்தக் காலத்து பிரிட்டனில் முழுதாகத் தயாரான காருக்குக் கொள்முதல் வரி உண்டு. பாகங்களாக வாங்கி நீங்களே பூட்டிக்கொண்டால் வரி இல்லை. அதனால் பலரும் பாகங்களாகவே வாங்கினார்கள். 1973-ல் வாட் வரி வந்து அந்தச் சலுகை போனது. அதே ஆண்டில் கேட்டர்ஹாம் நிறுவனம் செவனின் தயாரிப்பு உரிமையை வாங்கியது. சலுகை போனாலும் ஆசை போகவில்லை.

1996-ல் ரான் சாம்பியன் என்ற ஆசிரியர், 250 பவுண்டுக்கே ஸ்போர்ட்ஸ் கார் கட்டலாம் என்று தலைப்பிலேயே சொல்லி ஒரு புத்தகம் எழுதினார். குழாய்களை எந்த அளவில் வெட்டுவது, எங்கே பற்றவைப்பது என்று படத்தோடு விளக்கியது அது. செவன் பாணியில் வீட்டில் கட்டும் இந்த மலிவு கார்களுக்கு ‘லோகாஸ்ட்’ என்று பெயரே வந்துவிட்டது. அவர் சொன்ன டோனர், ஃபோர்டு எஸ்கார்ட்.

ஏன் பின்சக்கர டிரைவ் கார்?

செவன் பாணி காரில் இன்ஜின் முன்னால் நீளவாக்கில் இருக்கும்; பின்சக்கரங்கள் சுழலும். எனவே டோனரும் அதே அமைப்பில் இருந்தால் வேலை சுலபம். இன்ஜின், கியர்பாக்ஸ், பின்னால் சக்தியைக் கொண்டுபோகும் தண்டு, டிஃபரன்ஷியல் எல்லாம் ஒன்றோடு ஒன்று பொருந்தியபடி ஒரே இடத்தில் கிடைக்கும்.

முன்சக்கர டிரைவ் கார்கள் கொட்டிக் கிடக்கின்றன, விலையும் குறைவு. ஆனால் அவற்றில் இன்ஜின் குறுக்குவாக்கில் இருக்கும். அதை நீளவாக்கில் திருப்பினால் வேறு கியர்பாக்ஸ் வேண்டும். ஃபோர்டின் ஜீடெக் இன்ஜினை இப்படி மாற்றிப் போடுபவர்கள் நிறைய. நல்ல இன்ஜின்தான். ஆனால் ஆயில் சம்ப்பைக் குட்டையாக்கணும், தண்ணீர் குழாயின் வழியை மாற்றணும், தனி ஈசியு போடணும். மலிவாக வாங்கிய இன்ஜின், செலவில் இழுத்துவிடும். இன்னொரு வழி, முன்சக்கர அமைப்பை அப்படியே தூக்கி டிரைவரின் முதுகுக்குப் பின்னால் வைப்பது. அதற்கு சேஸி டிசைனே வேறு.

எஸ்கார்ட் போய் மாஸ்டா வந்தது எப்படி?

எஸ்கார்ட்டின் முதல் இரண்டு தலைமுறைகள் மட்டுமே பின்சக்கர டிரைவ். 1980-ல் வந்த மூன்றாம் தலைமுறை முன்சக்கரத்துக்கு மாறிவிட்டது. 90-களில் பழைய எஸ்கார்ட் காயலான் கடை விலைக்குக் கிடைத்தது. இன்று அதுவே ராலி ரசிகர்கள் போட்டி போட்டு வாங்கும் கிளாசிக். அதைப் பிரித்துப்போட யாருக்கும் மனசு வராது, கட்டுப்படியும் ஆகாது.

அடுத்து வந்தது ஃபோர்டு சியாரா. 1982 முதல் 1993 வரை விற்ற குடும்பக் கார் இது. பின்சக்கரங்கள் ஒன்றையொன்று சாராமல் ஏறி இறங்கும் சஸ்பென்ஷன் இதன் பலம். 2007-ல் வந்த கிறிஸ் கிப்ஸின் புத்தகம் சியாராவை டோனராக வைத்தே எழுதப்பட்டது. சியாராவின் பாகங்கள் அகலம் என்பதால் அந்தக் காரும் சாம்பியனின் காரைவிடப் பெரியது. டோனர்தான் காரின் அளவைத் தீர்மானிக்கும் என்பதற்கு இதுவே உதாரணம். ஆனால் சியாராவுக்குப் பிறகு வந்த மாண்டியோ முன்சக்கர டிரைவ். சியாராவும் அரிதாகிவிட்டது.

இப்போது பலரின் தேர்வு மாஸ்டா எம்எக்ஸ்-5. 1989-ல் அறிமுகமாகி, 2016-க்குள் 10 லட்சத்துக்கும் மேல் தயாரான கார். ஏற்கெனவே ஸ்போர்ட்ஸ் கார் என்பதால் நான்கு சக்கரத்திலும் டபுள் விஷ்போன் சஸ்பென்ஷன். இன்ஜின் எளிதில் மக்கர் பண்ணாது. ஆனால் கதவுக்குக் கீழே ஓடும் ‘சில்’ பகுதி துருப்பிடித்து இற்றுவிடும். உடம்பு போய்விட்டது, உயிர் இருக்கிறது. டோனருக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஒரு சின்னக் கணக்கு. தொடக்கத்தில் வந்த 1.6 லிட்டர் எம்எக்ஸ்-5 சுமார் 115 பிஎச்பி, எடை சுமார் 950 கிலோ. அதாவது டன்னுக்கு 120 பிஎச்பி. அதே இன்ஜினை 600 கிலோ காரில் வைத்தால் டன்னுக்கு 190-ஐத் தாண்டும். இன்ஜினில் கை வைக்கவே தேவையில்லை! அதனால் ‘பெரிய இன்ஜின் உள்ள டோனர்’ என்ற மோகத்தை விட்டுவிடுங்கள். பெரிய இன்ஜின் எடையைக் கூட்டும், பானெட்டுக்குள் அடங்காது, பிரேக்கையும் டிஃபரன்ஷியலையும் மாற்றச் சொல்லும்.

முழு காரா, தனித்தனி பாகமா?

முழு கார்தான். கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். இன்ஜின் ஒரு இடம், கியர்பாக்ஸ் இன்னொரு இடம் என்று வாங்கினால் முதலில் மலிவாகத் தெரியும். பிறகு ஒரு பிராக்கெட், ஒரு சென்சார், ஒரு கிளச் கேபிள் என்று ஒவ்வொன்றுக்கும் அலைய வேண்டும். முழு காரில் கடைசி போல்ட் வரை இருக்கும். மிச்சமாகும் கதவு, சீட், கூரையை விற்றால் போட்ட பணத்தில் ஒரு பகுதி திரும்பிவரும்.

இதைவிட முக்கியமான காரணம், ஆவணம். வீட்டில் கட்டிய கார் சாலைக்கு வர ஐ.வி.ஏ என்ற தனி வாகனச் சோதனையில் தேற வேண்டும். பிறகு பதிவெண். கிட் தயாரிப்பாளரின் புதிய சேஸியோடு, ஒரே டோனரிலிருந்து குறைந்தது இரண்டு முக்கிய பாகங்கள் வந்திருப்பதாக நிரூபித்தால், டோனரின் வயதை ஒட்டிய பதிவெண்ணுக்கு விண்ணப்பிக்கலாம். பாகங்கள் எந்தக் காலத்தவை என்றே நிரூபிக்க முடியாவிட்டால் ‘க்யூ’ எழுத்தில் தொடங்கும் நம்பர் பிளேட்தான். விற்கப் போகும்போது அது விலையைக் குறைக்கும்.

வாங்கப் போகும்போது எதைப் பார்க்கணும்?

* ஓட்டிப் பாருங்கள். ஓடாத டோனரின் இன்ஜின் நன்றாக இருக்கிறது என்பது விற்பவரின் வாய்வார்த்தை மட்டுமே. எல்லா கியரும் விழுகிறதா, சூடானபின் புகை வருகிறதா, வளைவில் பின்னால் ஊளைச் சத்தம் கேட்கிறதா என்று கவனியுங்கள்.

* பதிவுச் சான்று விற்பவர் பெயரில் இருக்கிறதா, கடன் பாக்கி உண்டா என்று சரிபாருங்கள்.

* இன்ஷூரன்ஸ் நிறுவனம் ‘ஏ’ அல்லது ‘பி’ வகையில் கழித்துவிட்ட கார் என்றால் நடையைக் கட்டுங்கள். அவை மறுபடி சாலைக்கு வர முடியாது.

* துரு எங்கே என்று பாருங்கள். பாடியில் இருந்தால் கவலையில்லை. அதைத் தூக்கிப்போடத்தான் போகிறீர்கள். சஸ்பென்ஷன் கைகள், ஹப், பிரேக் காலிபர் மோசமாக இருந்தால் அதைக் காட்டியே பேரம் பேசுங்கள்.

* இன்ஜினின் உயரத்தையும், சம்ப் எவ்வளவு கீழே தொங்குகிறது என்பதையும் அளந்து சேஸி வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். தாழ்வான காரில் வேகத்தடையில் முதலில் அடிபடுவது சம்ப்தான்.

* சாவியும் ஈசியுவும் ஜோடியாக வருகின்றனவா? இம்மொபிலைசர் உள்ள காரில் சாவி தொலைந்தால் இன்ஜின் கிளம்பாது.

வாங்கியதும் ஸ்பேனரைத் தூக்காதீர்கள். சில நாள் ஓட்டி, என்னென்ன கோளாறு என்று எழுதிவையுங்கள். பிரிக்கும்போது ஒவ்வொரு ஒயருக்கும் லேபிள், ஒவ்வொரு மூலைக்கும் போட்டோ. சோதனையில் தேறும் வரை ‘இது வேண்டாம்’ என்று எதையும் விற்காதீர்கள். எந்தச் சின்ன பிராக்கெட் கடைசியில் தேவைப்படும் என்று சொல்ல முடியாது.

நம்மூரில் முடியுமா?

சாலையில் ஓட்டுவதற்கு என்றால், இப்போதைக்கு மறந்துவிடுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவின்படி, தயாரிப்பாளர் வகுத்த அடிப்படை அமைப்புக்கு முரணாக வாகனத்தை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. பிரிட்டனைப் போல வீட்டில் கட்டிய ஒற்றைக் காருக்கென எளிய சோதனை வழி இங்கே இல்லை.

ஆனால் ரேஸ் டிராக்கின் கதை வேறு. கோவையைச் சேர்ந்த கரிவரதன் 80-களின் இறுதியில் உருவாக்கிய ‘ஃபார்முலா மாருதி’ ரேஸ் கார்களின் இதயம் என்ன தெரியுமா? மாருதி 800-ன் இன்ஜின்! நாட்டில் எங்கே போனாலும் கிடைக்கும், எந்த மெக்கானிக்கும் பிரித்துப் பூட்டுவார், ஸ்பேர் பார்ட்ஸும் மலிவு. இந்தியாவில் பல இளைஞர்கள் ரேஸிங்கில் முதல் அடி வைத்தது அந்தக் கார்களில்தான். கோவையில் அவர் பெயரைத் தாங்கி நிற்கும் ரேஸ் டிராக்கில் பொறியியல் கல்லூரி மாணவர்கள் இன்றும் தாங்களே கட்டிய கார்களோடு போட்டிக்கு வருகிறார்கள்.

டோனரைத் தேடும் யாரும் கரிவரதனின் தேர்வை நினைத்துக்கொள்ளலாம். ஊரில் பாதிப் பேர் ஓட்டிய, அலுத்துப்போன, பாகம் எங்கும் கிடைக்கிற காரை வாங்குங்கள். வித்தியாசத்தை எல்லாம் மேலே கட்டப்போகும் காரில் காட்டிக்கொள்ளலாம்.