மேகத்துக்குள் விமானி

ஆகாய விமானம் விழுந்தது என்ற செய்தியைப் பத்திரிகையில் படித்ததும், இயந்திரம் பழுதாகியிருக்கும் என்றே நாம் எண்ணுகிறோம். ஆனால் இயந்திரம் சீராக ஓடிக்கொண்டிருக்க, இறக்கைகளில் ஒரு குறையும் இல்லாதிருக்க, நான்கைந்து பேர் மட்டுமே ஏறக்கூடிய சிறு விமானங்கள் மேகத்திலோ மூடுபனியிலோ புகுந்து விழுந்து நொறுங்குவதும் உண்டு. அது எவ்வாறு நேர்கிறது?

சிறு வயதில் நாம் எல்லோரும் தட்டாமாலை சுற்றியவர்கள்தாம். சுற்றி நின்ற பிறகும் சுவரும் மரமும் நம்மைச் சுற்றி ஓடும். இதற்குக் காரணம் நம் காதில் இருக்கிறது. ஒவ்வொரு காதின் உட்புறத்திலும் அரைவட்டக் குழல்கள் மூன்று உள்ளன. அவற்றில் திரவம் நிறைந்திருக்கிறது. தலை திரும்பும்போது குழல் உடனே திரும்ப, திரவம் சற்றுப் பின்தங்குகிறது. அந்த வேறுபாட்டைக் கொண்டே நாம் திரும்புவதை மூளை அறிகிறது. ஒரே வேகத்தில் பத்து இருபது விநாடிகள் சுற்றிக்கொண்டே இருந்தால் திரவமும் குழலோடு சேர்ந்து ஓடத் தொடங்கும். சுற்றுகிற உணர்வே மறைந்துவிடும். நின்றதும் திரவம் மட்டும் தொடர்ந்து ஓடுவதால், எதிர்ப்பக்கம் சுற்றுவதாகத் தோன்றும். தட்டாமாலையில் இது வெறும் சிரிப்புக்குரியது.

வானில் அப்படியல்ல. தொடுவானம் கண்ணுக்குத் தெரியும்வரை விமானிக்குக் கவலையில்லை. மேகம் அதை மறைத்ததும் காது ஒன்றுதான் துணை. விமானம் மிக மெதுவாக ஒரு பக்கம் சாய்ந்தால் காது அதை அறிவதே இல்லை. சாய்ந்த விமானம் வளைந்து செல்லும், மூக்கு தாழும், உயரம் குறையும். விமானியோ நேராகப் பறப்பதாகவே எண்ணியிருக்கிறார். உயரம் குறைவதைக் கண்டதும் மூக்கைத் தூக்குவதற்காகப் பிடியைத் தம் பக்கம் இழுக்கிறார். சாய்வு நீங்காமல் அப்படி இழுத்தால் வட்டம் இன்னும் இறுகும். விமானம் திருகுசுருள் போலக் கீழே பாயும்.

அமெரிக்க ஜனாதிபதியாயிருந்த கென்னடியின் சவ ஊர்வலத்தில் சல்யூட் செய்து நின்ற மூன்று வயதுச் சிறுவனின் படத்தை நம் பெற்றோர்களில் சிலர் பார்த்திருக்கலாம். அந்த மகன் ஜான் கென்னடி, 1999 ஜூலை 16 இரவு, தம் மனைவியையும் அவருடைய தமக்கையையும் ஏற்றிக்கொண்டு நியூ ஜெர்சியிலிருந்து மார்த்தாஸ் வினியார்டு தீவை நோக்கித் தாமே விமானம் ஓட்டிச் சென்றார். கீழே இருண்ட கடல், சுற்றிலும் மங்கல், தொடுவானம் தெரியவில்லை. தீவை நெருங்கும்போது விமானம் கடலில் விழுந்தது. மூவரும் மாண்டனர். விசாரணையில் இயந்திரக் கோளாறு எதுவும் புலப்படவில்லை. இருளிலும் மங்கலிலும் திசையுணர்வு தடுமாறியதே காரணம் என்று முடிவு செய்தார்கள். கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் பயிற்சியை அவர் தொடங்கியிருந்தார், முடித்திருக்கவில்லை.

அக்கருவிகளில் தலையாயது செயற்கைத் தொடுவானம். அதன் உள்ளே இருப்பது வேகமாகச் சுழலும் ஒரு பம்பரம் எனலாம். சுழலும் பம்பரம் தன் அச்சை எளிதில் மாற்றிக்கொள்ளாது. விமானம் எப்படிச் சாய்ந்தாலும் அது நிலைமாறாமல் நிற்பதால், முகப்பிலுள்ள கோடு உண்மையான தொடுவானத்தோடு ஒத்து நிற்கிறது. இப்போது பல விமானங்களில் பம்பரத்துக்குப் பதில் மின்னணுத் திரை வந்துவிட்டது. அது காட்டும் கோடு அதுவேதான். உயரம், வேகம், திசை முதலியவற்றுக்கும் தனித்தனிக் கருவிகள் உண்டு. ஒன்று தவறினால் மற்றவை காட்டிக்கொடுக்கும் என்பதால் விமானியின் கண் எல்லாவற்றையும் மாறிமாறிப் பார்த்தவண்ணம் இருக்க வேண்டும்.

1929 செப்டம்பர் 24-ஆம் நாள், ஜிம்மி டூலிட்டில் என்ற விமானி நியூயார்க்கை அடுத்த மிட்செல் திடலில் தம் இருக்கையைத் திரையால் முற்றிலும் மூடிக்கொண்டு, கருவிகளையும் வானொலிக் குறிகளையும் மட்டுமே நம்பி மேலே கிளம்பிப் பத்திரமாக இறங்கினார். ஆபத்துக்கு உதவ முன்னிருக்கையில் வேறொரு விமானி இருந்தார். அவருக்கு வேலையே வரவில்லை.

கருவி இருந்தால் போதுமா என்றால், போதாது. சாய்வைக் கருவி பார்த்து நிமிர்த்தியதும், "இப்போதுதான் மறுபக்கம் சாய்ந்துவிட்டாய்" என்று உடம்பு சொல்லும். கருவி சொல்வதா, உடம்பு சொல்வதா? நம்மில் யாருக்கும் பயிற்சியின்றி இதில் கருவியின் பக்கம் நிற்பது கடினமே. 1954-இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், கருவிப் பயிற்சி இல்லாத 20 பேரை வெளிக்காட்சி தெரியாதபடி செய்து விமானம் ஓட்டச் சொன்னார்கள். இருபது பேரும் கட்டுப்பாட்டை இழந்தனர். அதற்கு ஆன நேரம் சராசரியாக 178 விநாடிகள்! உடன் இருந்த ஆசிரியரால்தான் விபத்து நேரவில்லை.

அந்தச் சோதனையின் நோக்கம் அவர்களைக் காப்பாற்றும் வழி காண்பதே. மேகத்துக்குள் அகப்பட்டால் பதறாமல், கருவியைப் பார்த்து, வந்த வழியே மெதுவாகத் திரும்புவதற்கு அவர்களுக்குச் சில மணி நேரம் கற்றுக்கொடுத்தார்கள். பின்னர் சோதித்தபோது ஏறக்குறைய எல்லோரும் தப்பி வந்தார்கள். விமானிகள் வழக்கமாகத் திரும்பும் வேகம் விநாடிக்கு 3 பாகை. அந்த வேகத்தில் 180 பாகை திரும்பி வந்த வழியைப் பிடிக்க ஆகும் நேரம் ஒரே ஒரு நிமிடம்.