கித்தாப் பாலில் மூன்று முகடுகள்

மலேசியாவின் சிரம்பானை ஒட்டிய செண்டாயானில், கித்தா என்று அழைக்கப்படும் ரப்பரின் தோட்டமாக இருந்த நிலத்தில் இன்று பண்டார் ஸ்ரீ செண்டாயான் என்ற புதுநகரம் எழுந்திருக்கிறது. விடியுமுன் பிரட்டு என்ற ஆள் கணக்கெடுப்புக்கு ஓடி, மரம் சீவி, மங்கு என்ற கிண்ணத்தில் வடிந்த பாலை வாளியில் சேர்த்துச் சுமந்த தலைமுறையின் பேரப்பிள்ளைகள் வேதியியல் படிக்கிறார்கள். கரிம வேதியியலில் பலரை மிரட்டும் பாடம் ஒன்று உண்டு: அணுக்கரு காந்த ஒத்ததிர்வு, சுருக்கமாக என்.எம்.ஆர்.

‘அணுக்கரு’ என்றதும் கதிர்வீச்சை நினைக்க வேண்டாம். ஆஸ்பத்திரியில் எம்.ஆர்.ஐ. எடுப்பதும் இதே தத்துவத்தில்தான்; அங்கே நோயாளி பயந்துவிடக் கூடாதென்று பெயரிலிருந்து அந்தச் சொல்லைக் கழற்றிவிட்டார்கள்.

ஹைட்ரஜனின் அணுக்கரு ஒரு குட்டிக் காந்தம். வலுவான காந்தப்புலத்தில் அதை வைத்து வானொலி அலையைச் செலுத்தினால், குறிப்பிட்ட அதிர்வெண்ணில் அது பதில் கொடுக்கும். சுற்றியுள்ள எலெக்ட்ரான்கள் அதற்குக் குடை பிடிப்பதால், மூலக்கூறில் உட்கார்ந்திருக்கும் இடத்தைப் பொறுத்து அந்தப் பதில் இம்மி அளவு மாறும். அந்த இம்மியைத்தான் பி.பி.எம். (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) கணக்கில் அளக்கிறார்கள். 1951-இல் அர்னால்டு, தர்மாட்டி, பக்கார்டு ஆகிய மூவர் எத்தனாலை இப்படிச் சோதித்தபோது 1:2:3 என்ற பரப்பு விகிதத்தில், ஹைட்ரஜன்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப, மூன்று முகடுகள் கிடைத்தன. நடுவில் வரும் தர்மாட்டி இந்திய இயற்பியலாளர். எத்தனால், தோட்டத்துக் கள்ளுக்கடை வழியாகத் தாத்தாக்களுக்கு ஏற்கெனவே அறிமுகமான சரக்கு!

பாடநூல்கள் இன்றும் எத்தனாலில் தொடங்குகின்றன. தோட்டத்துப் பிள்ளைக்கு ரப்பரே இன்னும் சுலபம்.

பாலை அப்படியே கருவியில் வைக்க முடியாது; அதில் பெரும்பகுதி தண்ணீர். உலர்ந்த ரப்பரைச் சுத்தப்படுத்தி, சாதாரண ஹைட்ரஜனுக்குப் பதில் டியூட்டீரியம் கொண்ட குளோரோஃபார்மில் கரைப்பார்கள். இல்லாவிட்டால் கரைப்பானின் குரல்தான் ஓங்கிக் கேட்கும். வரைபடத்தில் முக்கியமாக மூன்று முகடுகள் தெரியும். சங்கிலியாகத் தொடரும் ரப்பர் மூலக்கூறின் ஒவ்வொரு கண்ணியிலும், 5.1 பி.பி.எம்.-இல் உள்ளது இரட்டைப் பிணைப்பில் இருக்கும் ஒற்றை ஹைட்ரஜன். 2.0-இல் இரண்டு சி.எச்.2 தொகுதிகளின் நான்கு. 1.7-க்கு அருகே மெத்தில் தொகுதியின் மூன்று. ஒட்டியுள்ள கார்பனில் ஹைட்ரஜன் இல்லாததால் இந்த முகடு பிளவுபடாமல் நிற்கும். எத்தனாலில் அப்படியில்லை. அங்கே மெத்திலுக்குப் பக்கத்தில் இரண்டு ஹைட்ரஜன் இருப்பதால், நல்ல கருவியில் அது மூன்றாகப் பிரியும்.

1, 4, 3. கூட்டினால் எட்டு. ஐந்து கார்பனுக்கு எட்டு ஹைட்ரஜன் என்று 1826-லேயே மைக்கேல் ஃபாரடே ரப்பரைப் பகுத்துச் சொல்லிவிட்டார். அந்த எட்டும் எங்கெங்கே உட்கார்ந்திருக்கின்றன என்பதை அறிய அவரிடம் வழி இல்லை.

மலாயாக் காட்டின் இன்னொரு மரப்பாலில்தான் இந்த வரைபடத்தின் அருமை தெரியும். குட்டாபெர்ச்சா மரத்தின் பாலிலும் அதே ஐந்து கார்பன், அதே எட்டு ஹைட்ரஜன். ஆனால் இழுத்தால் நீளாது, கெட்டியாக இருக்கும். 1866-இல் அட்லாண்டிக் கடலடியில் போட்ட தந்திக் கம்பிக்கு உறையானது இதுதான். ரப்பரில் சங்கிலி இரட்டைப் பிணைப்பின் ஒரே பக்கமாகத் தொடர்கிறது. அதனால் சுருண்டு கிடந்து இழுத்தால் நீள்கிறது. குட்டாபெர்ச்சாவில் எதிரெதிர்ப் பக்கமாகப் போவதால் சங்கிலிகள் நெருங்கி அடுக்கி இறுகிவிடுகின்றன. எரித்துப் பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. என்.எம்.ஆர். வரைபடத்திலோ ரப்பரின் மெத்தில் முகடு ஏறத்தாழ 1.67-இல் நிற்க, குட்டாபெர்ச்சாவினது 1.60-க்கு நகர்ந்துவிடுகிறது.