சிங்கத்தின் உடலுக்குள் படிக்கட்டு ஏன்?

ரஞ்சன்குடி கோட்டை பார்க்க வருகிறவர்கள் அப்படியே அரியலூர்ப் பக்கம் திரும்பி, கங்கைகொண்ட சோழபுரத்தையும் எட்டிப் பாருங்கள். கோயில் வளாகத்தின் வடபுறம் பெரிய சுதைச் சிங்கம் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. அதன் உடலிலேயே வாசல். உள்ளே படிகள், கீழே வட்டக் கிணறு.

கயிறும் ராட்டினமும் போதாதா, படி எதற்கு? நிலத்தடி நீர் ஒரே மட்டத்தில் நிற்காது. ஐப்பசி மழையில் ஏறும், சித்திரை வெயிலில் இறங்கும். படி இருந்தால் நீரோடு நாமும் இறங்கலாம். தூர் வாரவும் வழி கிடைக்கும்.

சரி, வட்டம் ஏன்? சுற்றியுள்ள ஈரமண் எல்லாப் பக்கமும் உள்நோக்கி நெருக்கும். நேரான சுவர் நடுவில் பிதுங்கும். வட்டச் சுவரிலோ கல்லோ செங்கல்லோ, ஒன்றையொன்று அழுத்தி இறுகிக்கொள்ளும். வாசல் வளைவைப் படுக்க வைத்ததுபோல.

ராஜேந்திர சோழன் கங்கை நீரை இதில்தான் ஊற்றினான் என்பது ஊர்ப் பேச்சு. திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்வதோ சோழகங்கம் ஏரியை. சிங்கம் ரொம்பப் பின்னால் வந்தது: உடையார்பாளையம் ஜமீன்தார் செய்ததாக 19-ஆம் நூற்றாண்டு எழுத்திலேயே கல்வெட்டு இருக்கிறது.

நிஜமாகவே பழைய படிக்கிணறு வேண்டுமென்றால் திருச்சி அருகே திருவெள்ளறைக்குப் போங்கள். பல்லவன் தந்திவர்மன் காலத்தது. நான்கு பக்கமும் படி.