வெங்காரம் விளைந்த பாலைகள்

பொற்கொல்லர் பற்றவைப்பதற்கு முன் நகையின் இணைப்பில் தடவும் வெங்காரம், போரான் என்னும் தனிமம் ஆக்சிஜனோடும் சோடியத்தோடும் நீரோடும் கூடி உருவான ஒரு போரேட் கனிமமாகும். ஊதுகுழலின் தீ பட்டதும் அது வெள்ளையாகப் பொரிந்து பொங்கி, பின்னர் கண்ணாடிபோல் உருகி, உலோகத்தின் மேல் படிந்த ஆக்சைடைத் தன்னுள் கரைத்துக்கொள்கிறது. அது அப்படிப் பொங்கக் காரணம், அதன் எடையில் ஏறத்தாழ 47 சதவீதம் படிகநீராக, அதாவது படிகத்தின் கட்டமைப்புக்குள்ளேயே பிணைந்த நீராக, இருப்பதுதான்.

பாதியளவு நீராலான இப்பொருள் உலகின் வறண்ட நிலங்களில் கிடைப்பதன் காரணம் போரானின் இயல்பில் இருக்கிறது. மிகச் சிறிய அணுவான அது பாறைகளை ஆக்கும் பொதுவான கனிமங்களில் எளிதில் இடம்பெறாததால், பாறைக்குழம்பு ஆறி இறுகும்போது கடைசிவரை எஞ்சிய நீர்மத்தில் சேர்ந்து, எரிமலைப் பகுதிகளின் வெந்நீர் ஊற்றுகள் வழியே வெளிவருகிறது. மழை மிகுந்த நாட்டில் ஆறுகள் அதைக் கடலுக்குக் கொண்டுபோய்விடும். வடிகாலற்ற படுகையில் வந்து தேங்கி, வெயிலில் நீர் வற்றினால் மட்டுமே அது கனிமமாகப் படியும். எரிமலை, மூடிய படுகை, வறட்சி ஆகிய மூன்றும் ஓரிடத்தில் கூடுவது அரிது என்பதால்தான் மேற்குத் துருக்கி, கலிபோர்னியா, ஆண்டிஸ் மலைகளின் உப்புப் படுகைகள், திபெத்தியப் பீடபூமி எனச் சில இடங்களிலேயே பெரும் போரேட் படிவுகள் அமைந்துள்ளன.

கலிபோர்னியாவின் மொகாவி பாலைவனத்தில் போரான் என்ற பெயரையே தாங்கிய ஊருக்கு அருகே 1913-இல் கண்டறியப்பட்ட படிவு, ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட ஓர் ஏரியின் எச்சம். அதன் நடுப்பகுதியில் வெங்காரமும், அது ஆழத்தில் புதைந்து வெப்பத்தால் நீரை இழந்து மாறிய கெர்னைட்டும் கிடக்க, அவற்றைச் சுற்றி உலெக்சைட், கோல்மனைட் ஆகிய கால்சியம் கலந்த போரேட்டுகள் அமைந்திருக்கின்றன. மேலே மூடிய களிமண் அடுக்குகள் நிலத்தடி நீரைத் தடுத்திராவிட்டால் இவற்றில் பெரும்பகுதி கரைந்தே போயிருக்கும். உலெக்சைட்டின் இழைகள் இணையாக நெருங்கி வளர்பவை என்பதால், மெருகிட்ட துண்டொன்றை அச்சிட்ட தாளின் மேல் வைத்தால் எழுத்துகள் கல்லின் மேற்பரப்புக்கே ஏறி வந்து நிற்பதுபோல் தெரியும்.

அதே மாநிலத்தின் மரணப் பள்ளத்தாக்கில் 1883 முதல் 1888 வரை இயங்கிய ஹார்மனி ஆலையில், சீனத் தொழிலாளர்கள் ஏரிப்படுகையின் வெள்ளைப் பொருக்கைச் சுரண்டியெடுக்க, அதைக் கொதிநீரில் கரைத்து ஆறவைத்து வெங்காரம் பிரித்தார்கள். கோடையில் கரைசல் படிகமாகும் அளவுக்கு ஆறாததால் வேலையே அங்கே நின்றுபோயிற்று. அத்தொழிலைப் பற்றிய கதைகளில் சுமையிழுத்த கோவேறு கழுதைகளுக்குக் கிடைத்த புகழ், அந்த வெயிலில் குனிந்து சுரண்டியவர்களுக்குக் கிடைக்கவில்லை என்பது வருத்தத்துக்குரியது.

இந்தியாவிலும் இதற்கொரு நிலம் உண்டு. லடாக்கின் பூகா பள்ளத்தாக்கு, கடல்மட்டத்திலிருந்து சுமார் 4,400 மீட்டர் உயரத்திலுள்ள குளிர்ப் பாலைவனம். அங்கே வெந்நீர் ஊற்றுகளின் ஓரத்து ஈரமண்ணில் வெங்காரம் இன்றும் வெண்ணிறமாகப் பூக்கிறது. அமெரிக்கச் சுரங்கங்கள் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே, இத்தகைய இமயமலை நிலங்களிலும் திபெத்திய ஏரிகளிலும் அள்ளிய வெங்காரம் சிறு பைகளில் செம்மறியாடுகளின் முதுகிலேறி, கணவாய்களைக் கடந்து சமவெளிச் சந்தைகளுக்கு இறங்கிவந்தது.